நரி என்றால் நூறு

முரளி: எல்லாருக்கும் வணக்கம். இங்கே நைஜீரியாவில், அபா ஊரில் காலையிலிருந்து மழை, வெளியே தலை காட்ட முடியவில்லை. நேற்று சந்தையில் என் மானம் போன கதையையாவது சொல்கிறேன்.

அம்மா: முதலில் சாப்பிட்டாயா

முரளி: ஆச்சும்மா. அரியாரியா சந்தைக்குத் தோல் செருப்பு வாங்கப் போனேன், இந்த ஊர் செருப்புக்கும் தையலுக்கும் பேர் போனது. கடைக்கார அம்மா விலையை ஆங்கிலத்தில்தான் சொல்ல வந்தார், இங்கே நிறையப் பேர் இந்தப் பக்கத்து மொழியான இக்போவில் பேசிக்கொண்டே எண் வரும்போது ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். நான்தான் பெரிய இவனாட்டம் இக்போவிலேயே சொல்லுங்கள் என்றேன். "புக்கு இரி அபுவோ" என்றார். புக்கு என்றால் ஆயிரம். ஆயிரம் நைரா நோட்டில் பன்னிரண்டை எண்ணி நீட்டினேன். அவர் நோட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

யாழினி: குறைஞ்சிடுச்சா சித்தப்பா?

முரளி: 8,000 குறைச்சல்! இரி 10, அபுவோ 2. "இரி அபுவோ" என்றால் 20. "இரி நா அபுவோ" என்றால் 12. நடுவில் அந்த "நா" இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். அது நம் "உம்" மாதிரி. அவர் சொல்லவே சொல்லாத "நா" என் காதில் விழுந்திருக்கிறது.

ராஜு மாமா: நாம் "இருபது" என்று இரண்டை முன்னால் வைக்கிறோம். அவர்கள் பத்தை முதலில் சொல்லிவிட்டு எத்தனை பத்து என்பதைப் பின்னால் சொல்கிறார்கள். சரிதானே மாப்பிள்ளை?

முரளி: அதேதான் மாமா. பொருளும் அப்படித்தான், சேனைக்கிழங்கு மாதிரி இங்கே ஒரு பெரிய கிழங்கு, அதற்குப் பேர் ஜி, இரண்டு கிழங்கு என்றால் "ஜி அபுவோ". ஒன்று மட்டும் அடங்காது, "ஒட்டு ஜி" என்று முன்னால் போய் நிற்கும். அப்புறம் நூறுக்கு என்ன தெரியுமா? நரி.

யாழினி: நரியா!!!

முரளி: நிஜமாக. 200 என்றால் நரி அபுவோ. 345 என்றால் நரி அட்டோ நா இரி அனோ நா இசே. பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்கிக்கொண்டே வரவேண்டும், ஒவ்வொரு படியிலும் ஒரு "நா". 1 முதல் 10 வரை ஒட்டு, அபுவோ, அட்டோ, அனோ, இசே, இசீ, அசா, அசாட்டோ, இட்டோலு, இரி. இசே 5, இசீ 6, பார்த்துக்கொள், நான் இதிலும் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். பத்து லட்சத்துக்கு ண்டே, நூறு கோடிக்கு இஜெரி. லட்சத்துக்குத் தனிச் சொல் கிடையாது, நூறு ஆயிரம் என்றுதான் சொல்லவேண்டும்.

அம்மா: பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டால் சொல்லித் தரமாட்டாரா

முரளி: அவரிடம் கேட்டுத்தான் இன்னும் குழம்பினேன் அம்மா. அவர் பத்துப் பத்தாக எண்ணுவதே இல்லை, இருபது இருபதாக எண்ணுகிறார். அது பழைய முறையாம், பள்ளிக்கூடத்தில் இப்போது பத்துக் கணக்குதான். 20க்கு ஓகு. 40 ஓகு அபுவோ, 60 ஓகு அட்டோ, 100 ஓகு இசே. இருபது இருபது சேர்ந்து 400 ஆனால் அதற்கென்று ஒரு சொல், "ன்னு".

யாழினி: என்ன "ன்னு"?

முரளி: 400 தான் "ன்னு". அவ்வளவுதான் சொல்.

யாழினி: 400க்கு என்னன்னு கேட்டா ன்னுன்னு சொல்லணும்

ராஜு மாமா: அந்தக் கணக்கில் 57 எப்படி?

முரளி: ஓகு அபுவோ நா இரி நா அசா. இரண்டு இருபது, ஒரு பத்து, ஏழு. அம்மாவுக்கு 63, அதனால் ஓகு அட்டோ நா அட்டோ. ஆனால் இந்த ஓகுவைச் சுருதி மாற்றிச் சொன்னால் சண்டை என்று அர்த்தம் ஆகிவிடும், ஜாக்கிரதை.

அம்மா: என் வயதைக் குரூப்பில் போடவேண்டியதில்லை

முரளி: பெரியவர் வருஷத்தை மட்டும் புது முறையில்தான் சொல்கிறார். இங்கே பியாஃப்ரா போர் என்ற உள்நாட்டுப் போர் தொடங்கிய 1967ஐ "ஒட்டு புக்கு நா நரி இட்டோலு நா இரி இசீ நா அசா" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் விரல் மடக்கிக்கொண்டே இருந்தேன், அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ராஜு மாமா: எனக்கு ஒரு சந்தேகம். 12,000 என்றால் புக்கு இரி நா அபுவோ. 10,002 என்றால்?

முரளி: புக்கு இரி நா அபுவோ.

முரளி: ஐயோ

ராஜு மாமா: முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் கதை சொன்னால் இப்படித்தான். நம்மிடம் "பத்தாயிரத்து இரண்டு" என்றால் அந்த "த்து" காட்டிக்கொடுத்துவிடும், பன்னிரண்டாயிரத்தோடு குழம்பவே குழம்பாது. அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முரளி: பேச்சில் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று கவனிக்கவேண்டும் மாமா. "புக்கு இரி" என்று சொல்லி நிறுத்தினால் அது பத்தாயிரம், மிச்சம் தனி. எழுதிக் காட்டினால் இரண்டும் ஒன்றுதான்.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும், செருப்பு கடைசியில் என்ன விலைக்கு முடிந்தது

முரளி: பேரம் பேசி புக்கு இரி நா இசே.

யாழினி: 15,000? இல்ல 10,005ஆ?

அம்மா: ஐந்து ரூபாய்க்காக எந்தக் கடைக்காரி வாய் வலிக்கப் பேரம் பேசுவாள், 15,000தான். அடுத்த தடவை ஆங்கிலத்திலேயே கேள்.