கடவுச்சீட்டில் ஒரு பெயர், ட்ரான்ஸ்கிரிப்டில் இன்னொரு பெயர்: அமெரிக்கப் பட்டப்பின் படிப்பு அனுமதி ஐந்து வாரமாக நகரவில்லை

வெள்ளவத்தைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க அரச பல்கலைக்கழகம் ஒன்றில் புள்ளிவிபரவியலில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். பெப்ரவரி இறுதியில் திணைக்களத்திடமிருந்து அனுமதிக் கடிதமும், அதனுடன் கற்பித்தல் உதவியாளர் பதவிக்கான கடிதமும் வந்தன. இரண்டையும் ஏற்றுக்கொள்வதாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் பட்டப்பின் கல்வி அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் "உத்தியோகபூர்வ ட்ரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரம்) கிடைக்கவில்லை" என்ற வரி மட்டும் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. அது பச்சையாக மாறினால்தான் மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்துக்குரிய பகுதி திறக்கும் என்கிறார்கள்.

ட்ரான்ஸ்கிரிப்டை நான் கையில் வாங்கி அனுப்பவில்லை. எனது பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கிளையே உறையை மூடி, முத்திரையிட்டு, கூரியரில் அனுப்பியது. மார்ச் 4ஆம் திகதி அங்கே ஒருவர் கையொப்பமிட்டுப் பெற்றிருப்பதைக் கூரியர் இலக்கம் காட்டுகிறது. நான் இரண்டு முறை மின்னஞ்சல் எழுதிக் கேட்டபோதும், "உங்கள் பெயரில் எதுவும் வந்து சேரவில்லை" என்ற ஒரே பதில்தான் வந்தது.

மூன்றாண்டுப் பட்டத்தைச் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை என்பதால், அந்தச் சிக்கலோ என்று முதலில் பயந்தேன். என்னுடையது நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் என்பதால் அது காரணமாக இருக்க முடியாது. பெயரில்தான் எனக்குச் சந்தேகம். என் அப்பாவின் பெயர் கந்தசாமி என்றும் என் பெயர் தர்ஷினி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர்களை இங்கே எழுத விரும்பவில்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் கந்தசாமி, ஏனைய பெயர்கள் என்ற இடத்தில் தர்ஷினி என்று இருக்கிறது. விண்ணப்பத்தையும் அப்படியே நிரப்பினேன். ட்ரான்ஸ்கிரிப்டில் இருப்பதோ "மிஸ் கே. தர்ஷினி".

சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பு என்கிறார் அம்மா. கடவுச்சீட்டையே மாற்று என்கிறார் மாமா. ஏப்ரல் 15 என்ற திகதியும் என் கடிதத்தில் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம்தான் இருப்பதால் எதை முதலில் செய்வதென்று தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

தெகிவளை 12

தங்கை, எனக்கும் இதே சிக்கல் வந்தது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று சத்தியக் கடதாசியை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூஈஎஸ் நிறுவனத்திடம் பட்டத்தை மதிப்பீடு செய்வித்து அனுப்பிப் பாருங்கள்.

கொழும்பு 13

மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் டோஃபல் (ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை) பெறுபேறு அவர்களின் பக்கத்தில் சேர்ந்துவிட்டதா? உறை எந்த அலுவலகத்துக்கு முகவரியிடப்பட்டது, திணைக்களத்துக்கா பட்டப்பின் கல்வி அலுவலகத்துக்கா? உறையின் மேல் உங்கள் விண்ணப்ப இலக்கம் எழுதப்பட்டிருந்ததா?

வெள்ளவத்தைவாசி

நன்றி அண்ணா. டோஃபல் பெறுபேறு எந்தச் சிக்கலும் இல்லாமல் சில நாட்களிலேயே சேர்ந்துவிட்டது. முகவரி பட்டப்பின் கல்வி அலுவலகத்தினுடையதுதான். கூரியர்காரர் எடுத்துச் செல்லும் முன் உறையைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அதில் அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே இருக்கிறார்கள், என் பெயரும் இல்லை, விண்ணப்ப இலக்கமும் இல்லை.

கொழும்பு 13

அப்படியானால் உங்கள் உறை தொலையவில்லை. அது அவர்களிடம்தான் இருக்கிறது, வேறொருவருடையதாக.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். இப்போது அமெரிக்காவில், உங்களுடையது அல்லாத இன்னொரு பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் அனுமதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஊர்ப் பெயர்கள் இப்படிச் சிக்கிக்கொள்வதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். உங்களைத் தெரிவு செய்பவர்கள் திணைக்களத்துப் பேராசிரியர்கள். அவர்கள் நீங்கள் பதிவேற்றிய பிரதியை வாசித்தே முடிவெடுத்துவிடுவார்கள். அதன் பின் வருவது பட்டப்பின் கல்வி அலுவலகத்தின் வேலை. அவர்கள் உங்கள் ஆராய்ச்சி ஆர்வத்தைப் பார்ப்பதில்லை, பட்டம் வழங்கிய நிறுவனமே நேரடியாக அனுப்பிய தாள் வந்திருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள். எனவே திணைக்களம் "வாருங்கள்" என்று சொல்வதும், மற்ற அலுவலகம் "இன்னும் இல்லை" என்று சொல்வதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவைதான்.

உறை வந்ததும் என்ன நடக்கும் என்றால், அதைத் திறந்து, தாள்களை ஸ்கேன் செய்து, மேலே அச்சாகியிருக்கும் பெயரை ஒருவர் கணினியில் தட்டச்சு செய்வார். பெரும்பாலும் அது பகுதிநேரமாக வேலை செய்யும் ஒரு மாணவர். இறுதியில் நிற்கும் சொல்லே குடும்பப் பெயர் என்பது அவருடைய பழக்கம். "கே. தர்ஷினி" என்பதைக் கண்டால் குடும்பப் பெயர் தர்ஷினி என்று இடுவார். உங்கள் விண்ணப்பமோ கந்தசாமி என்ற குடும்பப் பெயரில் கிடக்கிறது. பிறந்த திகதியாவது தாளில் இருந்தால் இரண்டையும் ஒன்றுசேர்க்க வழியுண்டு. அதுவும் இல்லையென்றால் உரிமையாளர் தெரியாத ஆவணங்களின் குவியலுக்குள் போய்விடும். நீங்கள் மின்னஞ்சல் எழுதியபோது அங்கிருந்தவர் கந்தசாமி என்று தேடினார், ஒன்றும் வரவில்லை, அதையே எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை.

டோஃபலைப் பற்றி நான் கேட்டதற்குக் காரணம் இதுதான். அந்தப் பரீட்சைக்குக் கடவுச்சீட்டில் உள்ளபடியே பதிவு செய்ய வேண்டும் என்பதால், அதே பெயரும் அதே பிறந்த திகதியும் மின்னணு முறையில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கடவுச்சீட்டைப் பின்பற்றிய ஆவணம் சேர்ந்திருக்கிறது, பின்பற்றாத ஆவணம் நிற்கிறது.

தயவுசெய்து இன்னோர் உறையை அனுப்பாதீர்கள். அதுவும் முதல் உறைக்குப் பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொள்ளும். இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "வந்ததா" என்று கேட்காமல், எங்கே தேட வேண்டும் என்று சொல்லுங்கள். பொருள் வரியில் விண்ணப்ப இலக்கம் இருக்கட்டும். உள்ளே ஏறக்குறைய இப்படி எழுதினால் போதும்: "என் ட்ரான்ஸ்கிரிப்ட் மார்ச் 4ஆம் திகதி இன்ன கூரியர் இலக்கத்துடன் உங்கள் அலுவலகத்தில் பெறப்பட்டுள்ளது. அதில் என் பெயர் கே. தர்ஷினி என்று அச்சிடப்பட்டுள்ளது. கே என்பது என் குடும்பப் பெயரான கந்தசாமியின் முதலெழுத்து. தர்ஷினி என்ற குடும்பப் பெயரிலும் தேடிப் பார்த்து, அந்த ஆவணத்தை என் விண்ணப்பத்துடன் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கடவுச்சீட்டின் படப் பக்கத்தை இணையுங்கள். உங்கள் திணைக்களத்தின் பட்டப்பின் படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கும் பிரதி போகட்டும். அவர் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் குவியல் வேகமாகக் கிளறப்படும்.

சத்தியக் கடதாசி பிழையானதல்ல. ஆனால் அது உங்களைப் பற்றி நீங்களே சொல்லும் சாட்சி. எங்களைப் போன்ற அலுவலகங்கள் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் கடிதத்தையே கூடுதலாக நம்பும். அந்தக் கடிதத்தையும் சமாந்தரமாக எடுத்து வையுங்கள்.

மாமா சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். நாட்டின் குறியீட்டுக்குப் பின் கந்தசாமி, அதற்குப் பின் அம்புத்தலை போன்ற இரண்டு குறிகள், அதன் பின் தர்ஷினி என்று இருக்கும். ஐ-20 படிவத்தில் பெயரை இடும்போது அந்த வரியைத்தான் பின்பற்றுவார்கள். அதை இப்போது மாற்றினால், ஒழுங்காக இருக்கும் விண்ணப்பமும் டோஃபலும்கூட உங்களை விட்டுப் பிரிந்துவிடும். டபிள்யூஈஎஸ் மதிப்பீடும் பல்கலைக்கழகம் கேட்டிருந்தால் மட்டுமே தேவை. அவர்களும் ட்ரான்ஸ்கிரிப்டை உங்கள் பல்கலைக்கழகத்திடமிருந்தே எதிர்பார்ப்பார்கள், அதிலும் அதே "கே. தர்ஷினி"தான் இருப்பார்.

ஏப்ரல் 15ஐப் பற்றிக் கலங்க வேண்டாம். அமெரிக்கப் பட்டப்பின் கல்வி நிறுவனங்களின் பேரவை ஏற்படுத்திய இணக்கம் ஒன்று உண்டு. நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு அந்தத் திகதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை வற்புறுத்தக்கூடாது என்பதே அதன் சாரம். நீங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். ட்ரான்ஸ்கிரிப்டுக்கும் அந்தத் திகதிக்கும் தொடர்பில்லை.

பழைய பரீட்சைக் கிளை

கொழும்பு 13 கேட்ட கடிதத்தை எப்படிப் பெறுவது என்று நான் சொல்கிறேன். ஓய்வுபெறும் வரை ஒரு பரீட்சைக் கிளையில்தான் இருந்தேன். ட்ரான்ஸ்கிரிப்டில் பெயரை மாற்றித் தாருங்கள் என்று கேட்காதீர்கள் மகள். அது பதிவின்போது கொடுத்த பெயரைப் பின்பற்றுவது; மாற்றமாட்டார்கள், கேட்ட பாவத்துக்குக் கோப்பு மேசை மேசையாக நகரும். "கே. தர்ஷினி என்று எமது ஆவணங்களில் காணப்படுபவரும் இக்கடவுச்சீட்டுக்கு உரியவரும் ஒருவரே" என உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றைக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதி மிக முக்கியம், ஏனெனில் "கே" யாருடைய பெயர் என்பதைத் தந்தையின் பெயர் எழுதிய அந்தக் கூடுதான் காட்டும். தேசிய அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் மாணவர் பதிவு இலக்கமும் கூடவே போகட்டும். கடிதத்தில் பிறந்த திகதியும் விண்ணப்ப இலக்கமும் இருக்க வேண்டும், "மிஸ்" வேண்டாம்.

கடிதத்தை அலுவலகத்தின் உத்தியோகபூர்வ மின்னஞ்சலிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி நிரம்பிவிட்டது என்று சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அப்படி வரும் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. இன்னொன்று, நாளையே போங்கள். ஏப்ரல் 13, 14 புத்தாண்டு விடுமுறை. கதவு மறுநாள் திறந்தாலும் கையொப்பமிடுபவர் ஊரிலிருந்து திரும்பியிருக்கமாட்டார்.

ஒற்றைப் பெயர்

கடவுச்சீட்டை மாற்றக்கூடாது என்று சொன்னதற்கு ஒரு விதிவிலக்கைப் பதிவு செய்ய விரும்புகிறேன். என் கடவுச்சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, மற்ற இடம் வெறுமை. அப்படிப்பட்டவர்களின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று விசாவில் அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. வகுப்புப் பட்டியலிலும் சம்பளச் சீட்டிலும் நான் அந்த மூன்று எழுத்தாகவே வாழ்ந்தேன். முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் என்னை "ஃப்னூ" என்று கூப்பிட்டார். ஒற்றைப் பெயரில் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தைவாசி

முதலில் எல்லோருக்கும் நன்றி. மறுநாள் காலையிலேயே பரீட்சைக் கிளைக்குப் போனேன் ஐயா. நீங்கள் சொன்ன வசனத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கையோடு கொண்டுபோனதால், சிரேஷ்ட உதவிப் பதிவாளர் ஒரு சொல்லை மட்டும் திருத்திக் கையொப்பமிட்டார். பிற்பகலில் மின்னஞ்சலும் போய்விட்டது. என்னுடைய மின்னஞ்சலை அதற்கு முதல்நாள் இரவே அனுப்பியிருந்தேன்.

மூன்று வேலை நாட்களில் பதில் வந்தது. ட்ரான்ஸ்கிரிப்ட் அவர்களிடம்தான் இருந்திருக்கிறது. குடும்பப் பெயர் தர்ஷினி என்பதை அண்ணா சரியாகக் கணித்துவிட்டார். ஆனால் முதற்பெயர் "கே" என்று இடப்படவில்லை. "மிஸ்" என்று இடப்பட்டிருந்ததாம். மிஸ் தர்ஷினி என்ற ஒரு மாணவி ஐந்து வாரம் அங்கே விண்ணப்பம் இல்லாமல் காத்திருந்திருக்கிறாள். இப்போது வரி பச்சையாகிவிட்டது, ஐ-20 பகுதியும் திறந்துவிட்டது. உதவியாளர் பதவிக் கடிதமே கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் போதிய சான்று என்பதால் வங்கிக் கூற்றும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு சிறிய சந்தேகம். ஐ-20 கிடைத்ததும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான சேவிஸ் கட்டணம் 350 டொலரைக் கட்டிவிட்டு விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தைப் பார்த்தேன். அதில் முழுப் பெயரைத் தாய்மொழி எழுத்திலும் எழுதச் சொல்கிறார்கள். அங்கே எந்த ஒழுங்கில் எழுதுவது? மேலும், வேறு பெயர்களைப் பயன்படுத்தியதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது.

கொழும்பு 13

வேறு பெயர்கள் என்ற இடத்தில் கே. தர்ஷினியை எழுதிவிடுங்கள், நேர்முகத்தில் ட்ரான்ஸ்கிரிப்டைக் காட்டச் சொன்னால் விளக்கம் ஏற்கெனவே படிவத்தில் இருக்கும். கடவுச்சீட்டும் பல்கலைக்கழகக் கடிதமும் ஒரே கோப்பில் இருக்கட்டும். தாய்மொழி எழுத்துக்கான இடத்தில் தமிழிலேயே, வீட்டில் எழுதுவதைப் போல, கந்தசாமி தர்ஷினி என்று எழுதுங்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் குடும்பப் பெயர் எது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.