மருந்துக்கடை இன்டர்ன்ஷிப்: அடுக்குறது மட்டும்தான் வேலையா?

கேள்வி:
பி.பார்ம் படிக்கிறேன். வந்ததுல இருந்து மாத்திரை அடுக்குறதும் காலாவதி தேதி பார்க்குறதும்தான். கவுண்டர் பக்கமே விட மாட்டேங்கிறாங்க. இதுல என்னத்தைக் கத்துக்கிறது?

பதில்:
தம்பி, அந்த அலமாரிதான் பாடமே. மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அவசரத்துல கை எங்க போகும்னு தெரியும். முதலாவது சர்க்கரைக்கு, அடுத்தது கிருமித்தொற்றுக்கு. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறையவே கூடாது. ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீங்க.

சீட்டுல மெத்தோட்ரெக்ஸேட் இருந்தா நின்னு பாருங்க. மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒருதடவைதான். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. "எந்தக் கிழமை போடுவீங்க?"ன்னு கேட்டு, அந்தக் கிழமையைக் கவர் மேலயே எழுதணும். நான் இப்பவும் அப்படித்தான் செய்யறேன்.

கேள்வி கேட்டவர்:
சரிண்ணா. டாக்டர் கையெழுத்து புரியலைன்னா?

பதில்:
யூகிக்கவே கூடாது. பார்மசிஸ்ட்கிட்ட காட்டுங்க, அவர் டாக்டருக்குப் போன் போடட்டும். வந்தவர் முறைச்சா முறைக்கட்டும்.

இன்னொருவர்:
ஸ்டிரிப் வெட்டும்போது தேதி அச்சடிச்ச பக்கத்தை வெட்டிக் கொடுத்துடாதீங்க. மீதி மாத்திரைக்கு அப்புறம் தேதியே தெரியாது.