அதிபர் தேர்தல்ல யாருக்குப் போடுறதுன்னு உங்க வீட்டுல எப்படி முடிவெடுத்தாங்க?

ரெங்கம் ரயிலடி:

மலேசியாவில் நமக்கு அதிபர் தேர்தல் கிடையாது. மாமன்னரை ஒன்பது மாநில ஆட்சியாளர்களும் கூடித் தேர்ந்தெடுத்துக் கொள்வார்கள், நாம் டிவியில் பார்ப்போம். அதனாலோ என்னவோ, அடுத்த நாட்டு அதிபர் தேர்தல் வந்தால் நம்ம ஊர் வாய் சும்மா இருப்பதில்லை.

எங்கள் அத்தை ஜொகூர் ரெங்கம் எஸ்டேட்டில் பிறந்தவர். கல்யாணம் கட்டி சிங்கப்பூர் போய், பல வருசம் கழித்துப் பிங்க் ஐசி (அடையாள அட்டை) வாங்கினார். (இங்கே நீல ஐசி என்றால் குடிமகன். அங்கே நீலம் என்றால் நிரந்தரவாசி, பிங்க்தான் குடிமகன். அத்தை இரண்டு நாட்டிலும் நீலம் வைத்திருந்தவர்.) 2023-இல் தாத்தா தெவசத்துக்காக ஆகஸ்ட் 31 அன்று வந்திருந்தார். நமக்கு மெர்டேக்கா (சுதந்திர தின) லீவு. மறுநாள் வெள்ளிக்கிழமை அங்கே அதிபர் தேர்தல் ஓட்டு, நின்ற மூவரில் தர்மன் தமிழர். ஓட்டுக்கு முந்தின அந்த ஒரு நாள் பிரசாரம் கூடாது என்பது சிங்கப்பூர்ச் சட்டம். ரெங்கத்தில் அந்தச் சட்டம் செல்லாதே! வடையும் பாயசமும் இறங்குவதற்கு முன்பே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியப்பா: "தர்மனுக்கே போடு, நம்ம ஆளு." சித்தப்பா: "நம்ம ஆளு எங்கே, அவங்க பூர்வீகம் சிலோன்." பெரியப்பா: "அந்தக் காலத்துல நம்ம எஸ்டேட் கிராணி (குமாஸ்தா) மட்டும் எந்த ஊரு?" இது அரை மணி நேரம் ஓடியது. அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "இந்த அதிபருக்கு வேலை என்னடா? அரிசி விலையக் குறைப்பாரா?" குறைக்க மாட்டார். நாட்டின் சேமிப்பில் கை வைக்க வேண்டுமானால் அரசாங்கம் அவரைக் கேட்க வேண்டும், பெரிய பதவி நியமனங்களுக்கும் அவர் சம்மதம் வேண்டும், முக்கியமாக அவ்வளவுதான். இதை எப்படி விளக்குவது என்று யோசித்து, கோயில் உண்டியலுக்கு ரெண்டு சாவி இருக்குமே, தலைவரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று, அந்த மாதிரி என்றேன். டக்கென்று பிடித்துக்கொண்டார். "அப்போ பொருளாளர் தலைவருக்கு ஒட்டா இருக்கக் கூடாது. ஆனா கணக்கும் தெரிஞ்சிருக்கணும்."

அந்தத் தேர்தலின் மொத்த வாக்குவாதமே அதுதான். தர்மன் சண்முகரத்னம் 2001-லிருந்து ஜூரோங் எம்.பி., நிதியமைச்சர், துணைப்பிரதமர் எல்லாம் இருந்தவர். கணக்கு தெரியும், ஆனால் ஆளுங்கட்சியை விட்டு வந்து சில மாதம்கூட ஆகவில்லை. இங் கோக் சோங் அரசாங்க முதலீட்டு நிறுவனமான ஜிஐசி-யில் முதலீட்டுத் தலைமை அதிகாரியாக இருந்தவர், எந்தக் கட்சியும் இல்லை என்று அதையே சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். மூன்றாவது டான் கின் லியான், இன்சூரன்ஸ் நிறுவனம் நடத்தியவர், எதிர்க்கட்சி ஆட்கள் சிலர் பின்னால் நின்றார்கள்.

சித்தப்பா உடனே, கட்சிக்காரன் சாவியை எப்படிப் பிடிப்பான் என்று எகிறினார். அங்கேதான் நான் ஓங் டெங் சியோங் கதையைச் சொன்னேன். 1993-இல் மக்கள் ஓட்டுப் போட்டு வந்த முதல் அதிபர். அவரும் ஆளுங்கட்சித் துணைப்பிரதமராக இருந்தவர்தான். ஆனால் பதவிக்கு வந்ததும், காக்கச் சொன்ன சேமிப்பின் முழுப் பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்டார். அத்தனையையும் மதிப்புப் போட ஒரு ஆள் செய்தால் 56 வருசம் ஆகிற வேலை என்று பதில் வந்தது. 1999-இல் அவர் திரும்ப நிற்கவில்லை. அத்தை "ஓஹோ" என்றார். அந்த "ஓஹோ" எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ராத்திரி கிளம்பும்போது அம்மா பாசத்தில், சிம்பாங் ரெங்கம் ரோட்டோரக் கடையில் வாங்கிய ரெண்டு அன்னாசிப்பழத்தைப் பையில் வைத்தார். அத்தை பையைத் திறந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனார். தர்மனுடைய சின்னமே அன்னாசி! "பிரசாரம் பண்ணக் கூடாத நாள்ல இத எப்படிடி கையில தூக்கிட்டு பாலத்தத் தாண்டுறது?" பழம் இங்கேயே நின்றது. மறுநாள் நாங்கள்தான் அறுத்துச் சாப்பிட்டோம், நல்ல இனிப்பு.

உங்கள் வீட்டில் எப்படி?

செம்பனை:

அன்னாசியை ஹொக்கியன் சீனத்துல ஓங் லாய்னு சொல்வாங்க, அதிர்ஷ்டம் வருதுன்னு அர்த்தம். சும்மா எடுத்த சின்னம் இல்ல லா அது. தர்மன் 70.4 விழுக்காடு வாங்கினார், மத்த ரெண்டு பேரும் சேர்ந்து 30-கூட தேறல. சீனர் பெரும்பான்மையா இருக்கிற நாட்டுல நம்ம பேர் உள்ளவர் ஜெயிக்க மாட்டார்னு எங்க லயத்து (எஸ்டேட் வரிசை வீடு) வாசல்ல பந்தயம் கட்டினவங்க நாலு பேரு, இன்னும் தே தாரிக் (டீ) கடனா நிக்குது.

என் அக்கா கதை 2011. அப்போ நின்ன நாலு பேருமே டான்! டோனி டானுக்கு மூக்குக்கண்ணாடி, டான் செங் போக்குக்குப் பனை மரம், இன்னொருத்தருக்கு இதயம், இன்னொருத்தருக்குக் கை. அக்கா மரத்தைப் பார்த்துச்சு, "செம்பனைக் காட்டுல பழம் பொறுக்கி வளர்ந்தவ நானு, வேற எதுக்குப் போடுவேன்"னு மரத்துக்கே போட்டிருச்சு. அது தென்னையா செம்பனையான்னு மாமா இன்னிக்கும் கேலி பண்ணுவார். ஆனா முடிவு வந்தப்போ வித்தியாசம் வெறும் 7,382 ஓட்டு. 20 லட்சத்துக்கு மேல விழுந்ததுல 7,382! மரம் தோத்துச்சு. அக்கா ஒரு வாரம் மாமாகிட்ட பேசல, மாமா கண்ணாடிக்குப் போட்டிருந்தாராம்.

கிராணி மகன்:

சின்னத்தைப் பார்த்துப் போடுவதை ஏதோ படிக்காதவர் பழக்கம் மாதிரிச் சிரிக்காதீர்கள். எங்கள் தாத்தா இங்கே ஆளுங்கூட்டணிக்குக் கப்பல் சின்னம் இருந்த காலத்தில் கப்பலுக்குப் போட்டார், 1974-லிருந்து அது தராசானதும் தராசுக்குப் போட்டார், சாகும்வரை தராசுதான். வேட்பாளர் பேர் அவருக்குத் தெரியாது. ஆனால் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நிற்கிற களத்தில் மண்டோர் (கங்காணி) என்ன சொன்னார், எந்த லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது, எதற்கு வரவில்லை என்பதெல்லாம் தேதியோடு சொல்வார். சின்னம் என்பது அவருக்கு அந்தக் கணக்கின் தலைப்பு. 2008-இல் எங்கள் வீட்டில் முதல்முறையாக அந்தக் கணக்கு மூடப்பட்டது. அது வேறு கதை.

அதிபர் தேர்தலில் அந்தக் கணக்குக்கு இடம் கிடையாது. அவர் குழாயும் போடமாட்டார், ரோடும் போடமாட்டார். அப்போது மனிதன் எதைப் பார்ப்பான்? முகத்தையும் பேச்சையும்தான் பார்ப்பான். உங்கள் அத்தை உண்டியல் சாவி வரை வந்தாரே, பலர் அவ்வளவு தூரம் வருவதில்லை.

கொழுந்து:

அண்ணமாரே, முதல்ல ஒரு விசயம். எங்க இலங்கையில அதிபர்னா பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். தலைப்பப் பார்த்துட்டு நான் யார்ரா ஹெட்மாஸ்டருக்கு ஓட்டுப் போடுறதுன்னு உள்ளுக்கு வந்தேன். நாங்க ஜனாதிபதின்னுதான் சொல்லுவோம்.

நான் ஹட்டன் பக்கம். இப்ப இங்க ஜொகூர் கூலாயில ஒரு ஃபேக்டரியில வேலை, வெளிநாட்டுல இருந்து ஓட்டுப் போட வழியில்ல. 2024 செப்டம்பர் 21 அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்குறவங்க. 38 பேரு போட்டி, சீட்டே ரெண்டு அடிக்கு மேல நீளம். தொழிற்சங்கத்துப் பெரியவங்க அப்ப ஜனாதிபதியா இருந்த ரணிலோட கேஸ் சிலிண்டர் சின்னத்துக்குப் போடச் சொல்லியிருக்காங்க. மே தினத்துல நாள் சம்பளம் 1,700 ரூபான்னு சொன்னவரு அவரு, ஆனா கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு, கையில வரல்ல. அம்மா சொன்னது இதுதான்: "2022-ல கேஸுக்கு வரிசையில நின்ன காலு இன்னும் வலிக்குது, அந்தச் சின்னத்தப் பாத்தா வேற என்ன ஞாபகம் வரும்?"

சஜித்தோட டெலிபோனுக்கு 1, அநுரவோட திசைகாட்டிக்கு 2 போட்டிருக்காங்க. எங்க முறையில விருப்பத்துக்கு 1, 2, 3 போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல கிடைக்கல்லன்னா முதல் ரெண்டு பேரை வச்சிக்கிட்டு, மத்தவங்களுக்குப் போன சீட்டுல இருக்குற அடுத்த விருப்பத்த எண்ணுவாங்க. அன்னைக்குத்தான் வரலாற்றுலயே முதல் தடவையா அப்படி ரெண்டாவது எண்ணிக்கை நடந்துச்சு, அநுர வந்தாரு. ஆனா அம்மா போட்ட 2-அ யாரும் எண்ணவே இல்ல, ஏன்னா சஜித் ரெண்டாவது இடத்துல நின்னுட்டாரு. இத விளங்கப்படுத்துறதுக்குள்ள எனக்குக் காசு முடிஞ்சிருச்சு. "அப்ப நான் வீணா ரோசிச்சேனா"ன்னு கேட்டாங்க. நுவரெலியா மாவட்டத்துல சஜித்துதான் முன்னுக்கு வந்தாருன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

இன்னொன்னு. 1948-ல எங்க மலையகத் தமிழ் ஆக்களோட குடியுரிமையப் பறிச்சாங்க. பாட்டிக்கு 2003-ல வந்த சட்டத்துக்கு அப்புறம்தான் அது திரும்பக் கிடைச்சது. அவங்க போட்டது மொத்தமே ரெண்டோ மூணோ தடவை. ஒவ்வொரு தடவையும் குளிச்சிட்டு, திருநீறு பூசிட்டுப் போவாங்களாம்.

சிவப்பு ஐசி மகள்:

கொழுந்து தம்பி, கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் எழுத வந்தேன்.

எங்கள் அம்மா 1950-களில் இங்கேயே ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். பிறந்ததற்குப் பத்திரம் இல்லை, அதனால் இன்றுவரை சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசிதான். ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் வீட்டில் யார் யாருக்குப் போட வேண்டும் என்று முடிவெடுப்பவர் அவர்தான்! டிவி செய்தி, வானொலி, கோயில் பேச்சு, மளிகைக் கடைப் பேச்சு எல்லாம் கேட்டு, ஓட்டுக்கு முதல் நாள் ராத்திரி எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொல்வார். அண்ணன் தலையாட்டிவிட்டு வேறு மாதிரிப் போடுவான். நான் அவர் சொன்னபடியே போடுவேன், 2022 வரை அப்படித்தான். எனக்குச் சுயபுத்தி இல்லை என்று என் மகள் சொல்கிறாள். சீட்டு என்னுடையது, ஓட்டு அம்மாவுடையது என்று வைத்துக்கொண்டேன்.

தர்மன் நின்றபோதும் அம்மா தீர்ப்புச் சொன்னார். கேட்க ஆள்தான் இல்லை. இங் கோக் சோங்குக்குப் போடலாம் என்றார், சின்னம் சிரித்த முகம். வேறு காரணம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "இருக்கு, உனக்கெதுக்கு?" என்றார்.

செம்பனை:

அக்கா, அம்மாவ அடுத்த தேர்தலுக்கு எங்க வீட்டுக்கு அனுப்புங்க. எங்க வீட்டுல ஏழு ஓட்டு, ஏழும் ஏழு பக்கம்.

ரெங்கம் ரயிலடி:

எல்லாருக்கும் நன்றி. கேட்டவர்களுக்கு: அத்தை மறுநாள் ஓட்டுப் போட்டுவிட்டார். விடிகாலை மூன்று மணிக்குப் பாலத்தில் ஜாமில் நின்று போய்ச் சேர்ந்து, தூங்காமல் நேராகப் போட்டாராம். அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். சரியான காரணம் இல்லாமல் போகாவிட்டால் பட்டியலில் பேர் போய்விடும், திரும்பச் சேர்க்க 50 வெள்ளி. "அம்பது வெள்ளிக்கா போனீங்க?" என்று கேட்டதற்கு அத்தை முறைத்தார்.

யாருக்குப் போட்டார் என்று சொல்லவில்லை. அங்கே அடுத்த அதிபர் தேர்தல் 2029-இல். தெவசத்துக்கு அடுத்த வாரம் வருகிறார், மறுபடி கேட்டுப் பார்க்கிறேன். அன்னாசி மட்டும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்.