பங்கு ஏறியும் வாரண்ட் இறங்கியது: எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

கிள்ளான் புதியவர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பங்குகளை ஆறேழு ஆண்டுகளாக வாங்கி விற்று வருகிறேன். ஆனால் மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் வங்கிகள் வெளியிடும் வாரண்டுகளுக்கு நான் புதியவன். மூன்று மாதங்களுக்கு முன், ஒரு பங்கு 10 ரிங்கிட்டுக்குக் கைமாறிக்கொண்டிருந்தபோது, அதன் மீதான ‘கால்’ (call) வாரண்ட் ஒன்றை, அதாவது பங்கு ஏறினால் பயன் தரும் வாரண்டை, 14 சென் (100 சென் ஒரு ரிங்கிட்) வீதம் 5,000 அலகுகள், அதாவது 700 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். செயல்பாட்டு விலை, அதாவது காலாவதியின்போது பங்கு தாண்டியிருக்க வேண்டிய விலை, 10.50, ஐந்து வாரண்டுக்கு ஒரு பங்கு என்பது விகிதம், காலாவதிக்கு அப்போது ஆறு மாதம் இருந்தது. இன்று பங்கின் விலை 10.20, வாரண்டின் விலையோ 10 சென். நான் எதிர்பார்த்த பக்கம்தான் பங்கு நகர்ந்திருக்கிறது, ஆனாலும் 200 ரிங்கிட் போய்விட்டது. செலவைக் குறைத்து வாரண்ட் வணிகம் செய்ய வழி உண்டா, கையில் இருப்பதை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று விவரம் அறிந்தவர்கள் கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஈப்போ கணக்கர்

ஐயா, உங்கள் வாரண்டில் தவறு எதுவும் நடக்கவில்லை. நீங்கள் கொடுத்த 14 சென்னில் அன்று உள்ளார்ந்த மதிப்பு, அதாவது பங்கு விலை செயல்பாட்டு விலையைத் தாண்டியிருந்தால் கிடைக்கும் மதிப்பு, ஒரு சென் கூட இல்லை. முழுவதும் காலத்துக்குக் கொடுத்த விலை. பங்கு விலையின் ஆண்டு ஏற்ற இறக்கம் 30 விழுக்காடு, வட்டி 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, இத்தகைய வாரண்டுகளை மதிப்பிடப் பயன்படும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தின்படி கணக்கிட்டுப் பார்த்தேன். பங்கு 10 ரிங்கிட்டிலேயே அசையாமல் நின்றிருந்தால், ஆறு மாதம் இருக்கும்போது 14 சென் பெறும் வாரண்ட், மூன்று மாதம் இருக்கும்போது எட்டரை சென்னுக்கு அருகிலும், ஒரு மாதம் இருக்கும்போது மூன்று சென்னுக்குச் சற்று மேலும் வந்து நிற்கும். முதல் மூன்று மாதங்களில் வாரத்துக்கு அரை சென்னுக்கும் குறைவாகக் கரைவது, கடைசி மாதத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் சென்னாகிறது. உங்கள் பங்கு 20 சென் ஏறியதால்தான் எட்டரைக்குப் பதிலாக 10 சென் மிஞ்சியிருக்கிறது.

ஆகவே, பங்கு எங்கே போகும் என்பதோடு எப்போது போகும் என்பதையும் வாங்குமுன் முடிவு செய்ய வேண்டும். அதே கணக்கின்படி, பங்கு ஒரே வாரத்தில் 11 ரிங்கிட்டைத் தொட்டிருந்தால் உங்கள் வாரண்ட் 25 சென்னுக்கு விலைபோயிருக்கும். அதே 11 ரிங்கிட்டுக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டிருந்தால் பத்தொன்பதரை சென்தான். நான் கடைப்பிடிப்பது இதுதான்: இரண்டு வாரத்தில் ஒரு நகர்வை எதிர்பார்த்து வாங்கினால், அந்த இரண்டு வாரம் முடிந்ததும், விலை எங்கே இருந்தாலும் விற்றுவிடுவேன். வைத்திருக்க எண்ணும் காலத்தைப் போல மூன்று மடங்காவது காலாவதிக்கு மீதமுள்ள வாரண்டைத்தான் தொடுவேன்.

பந்திங் வணிகர்

கணக்கர் சொன்னதை ஏற்கிறேன். செலவைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் பலரும் தரகுக் கட்டணத்தை மட்டுமே பார்த்துவிட்டு பெரிய செலவைக் கவனிக்கத் தவறுகிறார்கள். புர்சாவில் ஒரு ரிங்கிட்டுக்குக் கீழே விலை நகரக்கூடிய மிகச் சிறிய அளவு, அதாவது ஒரு படி, அரை சென். வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் சந்தையில் தொடர்ந்து காட்டும் மார்க்கெட் மேக்கர் பதிமூன்றரைக்கு வாங்கி 14க்கு விற்கிறார் என்றால், 14க்கு வாங்கிய அந்த நொடியிலேயே 5,000 அலகுகளுக்கு 25 ரிங்கிட் கையை விட்டுப் போகிறது. இணையத் தரகுக் கட்டணத்தின் குறைந்தபட்சம் 8 ரிங்கிட் என்று வைத்தால், வாங்க 8, விற்க 8. மொத்தம் 41 ரிங்கிட், அதாவது உங்கள் முதலீட்டில் ஆறு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. முதலீட்டை நான்கு மடங்காக்கினாலும் அது நான்கு விழுக்காட்டுக்குக் கீழே போகாது, ஏனெனில் தரகுதான் தேய்கிறது, விலை இடைவெளி தேய்வதில்லை. மூன்று சென் வாரண்டை ‘மலிவு’ என்று வாங்குபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அங்கே ஒரு படியே பதினாறு விழுக்காட்டுக்கு மேல்.

இந்த இடைவெளியை ஓரளவு மீட்க வழி உண்டு. பங்கு எந்த விலைக்கு வரும்போது வாரண்ட் அடுத்த படிக்கு ஏறும் என்ற பட்டியலை வெளியீட்டு வங்கிகள் தங்கள் தளங்களில் அன்றாடம் காட்டுகின்றன. உங்கள் வாரண்ட் ஒரு படி நகர, பங்கு ஏறக்குறைய ஐந்து சென் நகர வேண்டும். பங்கு 9.98இல் இருந்தாலும் 10.02இல் இருந்தாலும் வாரண்ட் 14 சென்தான் என்றால், 10.02இல் வாங்குபவருக்கு அடுத்த படி பக்கத்திலேயே இருக்கிறது. சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் மார்க்கெட் மேக்கரின் விலை வராமலும் இருக்கலாம். அப்போது அவசரப்பட வேண்டாம்.

சிங்கை வாசகி

இங்கே நிலைமை தலைகீழ். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் 20 காசுக்குக் கீழே ஒரு படி என்பது காசில் பத்தில் ஒரு பங்குதான், ஆகவே இடைவெளி சிறிது. ஆனால் வழக்கமான தரகு நிறுவனங்களில் குறைந்தபட்சக் கட்டணம் 25 வெள்ளி வரை வரும் என்பதால், சிறு தொகைக்கு வாங்கினால் தரகே லாபத்தை விழுங்கிவிடும்.

கிள்ளான் புதியவர்

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. காலாவதி வரை வைத்திருந்தால் போட்ட பணமாவது திரும்புமா?

ஈப்போ கணக்கர்

காலாவதிக்கு முந்தைய ஐந்து சந்தை நாள்களின் முடிவு விலைச் சராசரியைக் கொண்டு பணம் தீர்க்கப்படும். கடைசி நாளில் பங்கு ஒரே தாவலாகத் தாவினாலும் முழுப் பயன் கிடைக்காது. சராசரி 10.80 என்றால் உங்களுக்கு ஆறு சென், 10.50 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒன்றும் இல்லை. போட்ட 14 சென் திரும்ப, தரகை விட்டுவிட்டாலும், சராசரி 11.20 ஆக வேண்டும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் பங்கை நகர்த்தக்கூடிய காலாண்டு அறிக்கை போன்ற ஒன்று வராவிட்டால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் 10 சென்னுக்கு விற்று, பங்கின் மேல் நம்பிக்கை இன்னும் இருக்குமானால், காலாவதி தள்ளியுள்ள வேறொரு வாரண்டைத் தேடுவேன்.