கின்சாவில் ஒரு செட்டாய் இரவு

டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், 2024 அக்டோபர். "இன்று செட்டாய், நீயும் வா" என்றார் எங்கள் பிரிவுத் தலைவர். கம்பெனி செலவில் வாடிக்கையாளரைக் குளிர வைப்பதுதான் செட்டாய். நாங்கள் விற்கும் மெஷினைப் பற்றி ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். கடைசிவரை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் சாப்பாடு. உள்ளே போனதும் வசதியாக ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். வாசலிலிருந்து தள்ளியிருக்கும் அந்த இடம் விருந்தாளிக்கு. என் இடம் கதவோரம். தலைவர் கண்ணாலேயே என்னை எழுப்பினார்.

அப்புறம் 'நிஜிகாய்', இரண்டாவது சுற்று. டோக்கியோவின் ஆடம்பரப் பகுதியான கின்சாவில், லிஃப்டில் ஏறிப் போகும் சின்ன கிளப். அதை நடத்தும் கிமோனோ கட்டிய பெண்மணியை எல்லோரும் "மாமா" என்றார்கள்; ஜப்பானில் அதற்கு அம்மா என்று பொருள். எனக்கு அந்த வார்த்தை கடைசிவரை வாயில் வரவில்லை.

போன தடவை மிச்சம் வைத்த விஸ்கி பாட்டில், கழுத்தில் தலைவரின் பெயர் அட்டையோடு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஐஸ் போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கி, டம்ளரில் பூத்த ஈரத்தைத் துடைத்து வைத்தார். "கன்பாய்" சொல்லி முட்டும்போது அவருடைய டம்ளரின் விளிம்பு மட்டும் எங்களுடையதற்கு ஒரு விரல் கீழே. நான் குடிப்பதில்லை என்று அவரிடம் முணுமுணுத்தேன். ஊலாங் டீ வந்தது, அச்சு அசல் விஸ்கி நிறத்தில். வேறு யாருக்கும் தெரியாது.

பில் வரவேயில்லை. அது மாதக் கடைசியில் கம்பெனிக்குப் போகுமாம். மாமா தெருவரை இறங்கி வந்து, டாக்சி திரும்பும்வரை குனிந்தபடி நின்றார். நிலமும் பங்கும் தாறுமாறாக விலையேறிய 1980களின் கடைசியில், அந்தக் குமிழிப் பொருளாதாரக் காலத்தில், இதே தெருவில் 10,000 யென் நோட்டை ஆட்டினால்தான் டாக்சி நிற்கும் என்று வழியில் தலைவர் பெருமூச்சு விட்டார்.

மறுநாள் சாப்பாட்டு ரசீதோடு கணக்குப் பிரிவுக்குப் போனேன். யார் யார், எந்தக் கம்பெனி, எத்தனை பேர் என்று அங்கிருந்த பெண் அதிகாரி துருவினார். தலைக்கு 10,000 யென்னுக்குள் இருந்தால் வரிக் கணக்கில் அது விருந்துச் செலவாகாது, முழுவதையும் கழித்துக்கொள்ளலாம். 2024 மார்ச் வரை வரம்பு 5,000தான். ஐந்து பேர், 48,700 யென். தப்பித்தோம்.

"கிளப்பையும் சேர்க்க வேண்டாமா?"

"வேறு கடை, வேறு கணக்கு."

"சரி, அங்கே தலைக்கு எவ்வளவு வரும்?"

அவர் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.