‘எலேனியா’வின் கடைசி இசைத்துண்டு பாதியில் அறுகிறது: கோப்பில் பழுதா?

முள்ளியவளைச் சவுண்ட்காரன்:

வணக்கம். நான் முள்ளியவளையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியச் சடங்கு, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். புதிதாக இரண்டு சப் வூபர், அதாவது அடித்தொனி அதிரவைக்கும் பெட்டி, வாங்கினேன். வழக்கமான குத்துப்பாட்டுப் போட்டுச் சோதித்தால் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டி போலத்தான் கேட்கும். ஆகையால் கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிவைத்த ஆல்பம் ஒன்றைப் போட்டேன். ஃபுளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இசையமைக்கும் சாம் ஷெப்பர்ட் 2015இல் வெளியிட்ட முதல் ஆல்பம் அது, பெயர் ‘எலேனியா’. இலத்திரனியல் இசை என்று மச்சான் சொன்னதால் முற்றம் அதிரும் என்று எதிர்பார்த்திருந்தேன். தொடக்கத்தில் சப் வூபருக்கு வேலையே இல்லை. மிக்சரில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன்.

பிரச்சினை ஏழாவதும் கடைசியுமான ‘பெரொரேஷன் சிக்ஸ்’ என்ற துண்டில். டிரம்ஸும் சிந்தசைசரும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஏறுகின்றன. நான் கூட்டிவைத்த ஒலியில் கூரைத் தகரம் கிலுகிலுக்கிறது. உச்சிக்கு வந்ததும் ஒன்றுமே இல்லை! ஒலி தேய்ந்து அடங்கவில்லை, எதிரொலியின் வால்கூட மிஞ்சவில்லை. அப்பா உள்ளே இருந்து வந்து, “கரண்ட் போய்விட்டதா?” என்று கேட்டார். நான் அம்பிளிபயரைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கோப்பு அரைகுறையாக இறங்கியிருக்கிறதா? இல்லை என்றால், இப்படி முடிப்பதற்கு என்ன நியாயம்? இன்னுமொன்று: இதில் ஜாஸும் மேலைத்தேய சாஸ்திரிய இசையும் கலந்திருக்கின்றன என்று மச்சான் சத்தியம் செய்கிறான். எது எங்கே என்று யாராவது காட்டித்தாருங்கள்.

கனகராயன்கரை:

கோப்பு சரியானது. எல்லோருக்கும் அங்கேதான் அறுகிறது. திரும்ப இறக்கி டேட்டாவை வீணாக்க வேண்டாம்.

வவுனியா சங்கீத ரீச்சர்:

தம்பி, அந்தக் கலவையைக் கேட்க வேண்டுமானால் இரண்டாவது துண்டான ‘சில்லூயட்ஸ்’ஸிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, மூன்று பகுதிகள். அதில் கேட்கும் டிரம்ஸ் கணினி அடிப்பதில்லை, மனிதக் கை. ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர்களில் ஒருவர் டொம் ஸ்கின்னர், லண்டன் ஜாஸ் வட்டத்துக்காரர். ஒரே தாளக்கட்டைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு சுற்றிலும் எங்காவது ஓர் அடியை மாற்றிவைப்பார். ஜாஸ் அங்கே இருக்கிறது. ரோட்ஸ் என்ற மின்பியானோவின் சுருதிக்கூட்டுகளிலும் இருக்கிறது. அந்தப் பியானோவில் தந்திகள் கிடையாது. சுத்தியல் மெல்லிய உலோகத் தண்டுகளை அடிக்கும், அந்த அதிர்வை மின்சாரம் ஒலியாக்கும். மணி போன்ற நாதம் அதனால்தான்.

அதன் பிறகு வயலின்களும் குரல்களும் வந்து சேர்கின்றன. அவற்றை அடுக்கியிருக்கும் விதத்தைக் கேளுங்கள், சாஸ்திரியப் பயிற்சி தெரியும். ஷெப்பர்ட் மான்செஸ்டரில் பிறந்து, அங்குள்ள சீத்தம்ஸ் இசைப்பள்ளியில் படித்தவர். நரம்பியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றிருக்கிறார். (என் மாணவர்களின் பெற்றோர் கவனிக்க: சங்கீத வகுப்பை நிறுத்தினால்தான் விஞ்ஞானம் ஏறும் என்பது பொய்.)

முடிவைப் பற்றிக் கேட்டால், எனக்குப் பிடிக்கவில்லை. மங்களம் பாடாமல் எழுந்து போகிற கச்சேரியை நான் எந்த நாட்டில் கேட்டாலும் ஏற்க மாட்டேன்.

தவில்வீட்டுப் பிள்ளை:

ரீச்சரோடு மல்லுக்கு நிற்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். ஒரு தீர்மானத்தை, அதாவது வாசிப்பை முடித்துவைக்கும் தாளக்கோவையை, மூன்று தடவை அடிக்கிறோம். முதல் தடவையில் சனம் கேட்கும். இரண்டாவதில் கணக்குப் பிடிபடும். மூன்றாவதில் நாங்கள் போய் விழப்போகும் இடத்தில் அவர்களுடைய கை எங்களுக்கு முன்பே தொடையில் விழுந்துவிடும். வற்றாப்பளைப் பொங்கலில் நல்ல தவில் சமா ஒன்றுக்கு முன்னால் நின்று பாருங்கள், தாளம் படிக்காத கச்சான்காரிக்கும் அந்த இடம் தெரியும்.

ஷெப்பர்ட் செய்வது என்ன? அந்தக் கையை மேலே தூக்கவைத்துவிட்டு, விழ வேண்டிய அடியைக் கொடுக்காமல் விடுகிறார். எண்ணத் தெரியாதவன் விடுகிற பிழை இல்லை அது. எண்ணிக்கை பிசகினால் முடிவுக்கு முன்பே தடுமாற்றம் கேட்கும். இங்கே கடைசி நொடி வரைக்கும் பிடி தளரவில்லை. நான் முதல் தடவை கேட்டபோது மீதி அடியை மேசையில் நானே அடித்து முடித்தேன். கேட்கிறவனிடம் முடிவை வாங்கிக்கொள்கிற வித்தை என்றுதான் சொல்வேன். ஆனால் ஒன்று, கோயில் வாசலில் நான் இப்படி நிறுத்தினால் தர்மகர்த்தா காசு தர மாட்டார்.

வவுனியா சங்கீத ரீச்சர்:

மேசையில் அடித்து முடித்தீர்கள் அல்லவா? அப்படியானால் முடிவு தேவை என்று உங்கள் கையே ஒப்புக்கொண்டுவிட்டது.

கனகராயன்கரை:

இருவருக்கும் 2021இல் வந்த ‘பிராமிசஸ்’ பிடிக்கும். அதே ஷெப்பர்ட், சாக்சபோனில் ஜாஸ் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ், கூடவே லண்டன் சிம்பொனி ஓர்க்கெஸ்ட்ரா. ஒன்பது பகுதிகள், சுமார் 46 நிமிடம். ஒரு சின்னச் சுரக்கோவை திரும்பத் திரும்ப வருகிறது, அதைச் சுற்றித்தான் மற்ற எல்லாம். சாண்டர்ஸுக்கு அப்போது 80 வயது. ஊதுவதை நிறுத்திவிட்டு ஓர் இடத்தில் வாயால் முணுமுணுக்கிறார். ஆல்பம் முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

முள்ளியவளைச் சவுண்ட்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ‘சில்லூயட்ஸ்’ஸை இந்தத் தடவை ஒலியைக் குறைத்துக் கேட்டேன். டிரம்ஸ்காரர் தட்டத்தை விளிம்பில் தட்டுகிறாரா நடுவில் தட்டுகிறாரா என்பதுகூடத் தெரிகிறது. பெட்டி நல்ல பெட்டிதான், கொடுத்த காசுக்குக் கவலை இல்லை. கடைசித் துண்டில் மட்டும் எனக்குத் தொழில்முறை வழக்கு ஒன்று இருக்கிறது. ஒலி அப்படி அறுந்தால் சனம் இசையமைப்பாளரைத் திரும்பிப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கும். ஆகையால் வீட்டில் மட்டும் போடுவேன்.

அந்த ‘பிராமிசஸ்’ யாரிடமாவது இருக்கிறதா? எம்பி3 வேண்டாம், சுருக்காத கோப்பாக இருந்தால் நல்லது.

கனகராயன்கரை:

காசு கொடுத்து வாங்குங்கள் அண்ணா. இணையத்தில் இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இருக்கிறது. உங்களிடம் கார்ட் இல்லை என்றால், கனடா மச்சான் எதற்கு இருக்கிறார்?