மாடியில் மண் கலக்க மேடை போட்டேன், கீழ் அறை சீலிங்கில் ஈரம்: உதவி தேவை (அவசரம்)

தொட்டிச்செடி
வணக்கம். மண் கலக்க, தொட்டி மாத்த, நாத்து விட எல்லாத்துக்கும் ஒரே இடமா இருக்கட்டும்னு மாடி மூலையில ஒரு மேடை போட்டேன். கடப்பா கல், ரெண்டு பக்கமும் ஹாலோ பிளாக். மூணு வாரம்தான் ஆகுது, நேர் கீழ இருக்கிற பெட்ரூம் சீலிங்ல கைக்குட்டை அகலத்துக்கு ஈரம். வீட்ல தோட்டத்தையே எடுக்கச் சொல்றாங்க. மேல என்ன பூசினா நிக்கும்? ஐப்பசி மழைக்குள்ள முடிக்கணும். சீக்கிரம் சொல்லுங்க.

மணத்தக்காளி
எந்த ஊருங்க? வீடு கட்டி எத்தனை வருஷம்? மேல தட்டோடா, டைல்ஸா, வெறும் சிமென்ட் தரையா? இந்த மூணு வாரத்துல மழை பெஞ்சுதா? இதெல்லாம் தெரியாம பூச்சு சொல்ல முடியாது.

கொத்துக்கரண்டி
கல் என்ன அளவு, எத்தனை பிளாக், பக்கத்துல டிரம் இருக்கா? எனக்கு எடைமேலதான் சந்தேகம். ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடம் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தரநிலை) சொல்றது சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ சுமார். மேடை போடுறவங்க முதல்ல இந்தக் கணக்கைத்தான் பார்க்கணும்.

வேப்பம்புண்ணாக்கு
14 வருஷமா மாடியில காய்கறி எடுக்கிறேன். மேடைன்னு ஒண்ணு எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஒரு தார்ப்பாயை விரிச்சு, உக்காந்து, நாலு மூலையையும் மாத்தி மாத்தி இழுத்தா மண் தானா கலந்துடும். வேலை முடிஞ்சதும் உதறி மடிச்சு வைக்கலாம். வீடியோவைப் பார்த்துட்டு மேடை கட்டுறவங்க முதல்ல ஒரு பட்டம் (விதைப்புப் பருவம்) முழுசா செடி வளர்த்துப் பாருங்க. கலவை விகிதம் பத்தி ஏற்கெனவே விரிவா எழுதியிருக்கேன், தேடிப் படிச்சிட்டு வாங்க.

முருங்கைக்கீரை
அண்ணா, உங்களுக்கு உக்கார முடியுது. எனக்கு 61 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். தரையில உக்காந்தா எழுப்பி விட ஆள் வேணும். மேடை வந்த பிறகுதான் நான் மறுபடி செடி வைக்கவே ஆரம்பிச்சேன். நின்னுக்கிட்டு முழங்கையை மடக்கினா, அதுக்கு நாலு விரற்கடை கீழ மேடை மட்டம் இருக்கணும். எனக்கு 33 இஞ்ச். அதுக்கு மேல உயரமா போட்டுடாதீங்க, கைக்கரண்டியால தொட்டி நிரப்பும்போது தொட்டியோட உயரமும் சேர்ந்து தோள் வலிக்கும். மேடை தேவையா இல்லையாங்கிறதை அவங்கவங்க உடம்புதான் சொல்லணும்.

தொட்டிச்செடி
திருச்சி. 2009ல கட்டினது. தட்டோடு. மழை ஒரு தூறல்கூட இல்லை. கல் 5 அடிக்கு 2 அடி, ஒன்றரை இஞ்ச் கனம். 12 பிளாக். பக்கத்துல 200 லிட்டர் டிரம்மில கலந்த மண். கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள், கட்டியா வரும்) அலசுறதும் மேடை மேலேயேதான், வாரம் ரெண்டு கட்டி. தண்ணி தரையில ஓடிப் போயிடும்.

கொத்துக்கரண்டி
கல் மட்டும் 95 கிலோ வரும். பிளாக் ஒண்ணு 15ன்னு வச்சாலும் 180. டிரம் ஈர மண்ணோட 200க்கு மேல. மொத்தம் அரை டன், ஒரே மூலையில. டிரம்மை இன்னைக்கே அங்கிருந்து நகர்த்துங்க. கீழே சுவரோ பீமோ போற கோட்டுக்கு மேல வையுங்க, அறையோட நடுவுல வேண்டாம்.

மணத்தக்காளி
எடை விஷயத்துல கொத்துக்கரண்டி சொல்றதைக் கேளுங்க. ஆனா ஈரம் எடையால வரலைன்னு நினைக்கிறேன். மழையே இல்லாம ஈரம்னா அது நீங்க ஊத்துற தண்ணிதான். 5 கிலோ கட்டி ஊறவே 25 லிட்டர் கேக்கும், அப்புறம் மூணு அலசு. கட்டிக்கு 100 லிட்டருக்குக் குறையாது. வாரம் 200 லிட்டர் ஒரே இடத்துல விழுது. தட்டோட்டு இடுக்குல பாயிண்டிங் (இடுக்கை அடைக்கிற சிமென்ட் பூச்சு) விட்டிருந்தா அடியில இருக்கிற ஜல்லிச் சுண்ணாம்பு அதைக் குடிச்சு வச்சுக்கும்.

பூசுறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. சீலிங்ல ஈரத்தோட ஓரத்தைச் சுத்திப் பென்சிலால கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுதுங்க. ஒரு வாரம் மேல தண்ணி விடாதீங்க. கோட்டுக்கு உள்ள சுருங்கினா காரணம் கிடைச்சாச்சு. அப்படியே மழைநீர்க் குழாய் வாய்ச் சல்லடையைத் தூக்கிப் பாருங்க. எங்க வீட்ல அது முழுக்கப் பழுப்பு நார் பாய் மாதிரி படிஞ்சிருந்தது, கையால உரிச்சு எடுத்தேன்.

வேப்பம்புண்ணாக்கு
கோகோபீட்டை அலசுறதே வீண் வேலை. செம்மண், மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு போதும்.

நார்க்கட்டி
இதை ஒத்துக்க மாட்டேன். நார் உரிக்கிறதுக்காக சில இடங்கள்ல மட்டையை உப்பங்கழியில ஊறப்போடுறாங்க. அந்தக் கழிவுல உப்பு தங்கியிருக்கும். அலசாம கத்தரி நாத்து விட்டேன், இலை ஓரம் எல்லாம் பொசுங்கிப் போச்சு. அதே கட்டியில மிச்சத்தை மூணு தரம் அலசி விட்டதுல ஒண்ணும் ஆகலை. செம்மண்ணை மட்டும் நிரப்பினா எடை எங்க போகும்? இப்பதானே அரை டன் கணக்குப் பார்த்தோம்.

வேப்பம்புண்ணாக்கு
செம்மண் மட்டும்னு நான் எழுதலை. திரும்பப் படிங்க. பாதி பாதி கலந்தா எடை குறையும். உப்பு குறைவான கட்டின்னு கேட்டு வாங்கினா அலசவே வேண்டாம், ஊற வச்சாப் போதும்.

நார்க்கட்டி
கேட்டு வாங்கலாம், மேல ஒட்டியிருக்கிற சீட்டை நம்பலாமான்னுதான் கேள்வி. பிழிஞ்ச தண்ணியை டி.டி.எஸ். மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற கருவி) பாருங்க. வீட்டுத் தண்ணியை விட ரொம்ப ஏறி நின்னா அலசித்தான் ஆகணும்.

மணத்தக்காளி
ரெண்டு பேரும் இதைத் தனி இழையில பேசுங்களேன். அவர் வீட்டு சீலிங் ஈரத்துக்குத்தானே வந்தோம். தொட்டிச்செடி, கோடு போட்டீங்களா?

முருங்கைக்கீரை
அலசுறதை மேடையில வச்சுக்காதீங்க தம்பி. கீழ வாசல்ல, இல்லைன்னா துணி துவைக்கிற கல்லுகிட்ட அலசி, பழைய வேட்டியில கட்டித் தொங்கவிட்டு வடிச்சு மேல கொண்டுபோங்க. பாதி எடை குறையும். மேடை மேல காய்ஞ்ச வேலை மட்டும்னு நான் வச்சிருக்கேன். ஓரத்துல மூணு இஞ்ச் ரீப்பர் அடிச்சிருக்கேன், மண் கீழ சிந்தாது.

கொத்துக்கரண்டி
காரணம் உறுதியானதும் தட்டோட்டு இடுக்கெல்லாம் கீறி எடுத்துட்டு, சிமென்ட்டோட வாட்டர் ப்ரூஃப் பவுடர், ரெட் ஆக்சைடு கலந்து பாயிண்டிங் பண்ணச் சொல்லுங்க. பூச்சு இறுகறதுக்கு ஒரு வாரம் தண்ணி காட்டணும். மேலாக பெயின்ட் மாதிரி எதையாவது பூசிட்டுப் போறவரை விடாதீங்க, உள்ள ஈரம் இருந்தா அது உரிஞ்சு வந்துடும்.

*(12 நாள் கழித்து)*

தொட்டிச்செடி
தாமதத்துக்கு மன்னிக்கணும். கோடு போட்டேன், ஆறு நாள்ல ரெண்டு விரல் உள்ள போயிடுச்சு. கொத்தனார் வந்தார். நான் வச்ச பிளாக் வரிசை நேரா வாட்டத்துக்குக் குறுக்க நிக்குது, தண்ணி குழாய்க்குப் போகாம மேடைக்கு அடியிலேயே தேங்கியிருக்கு. அங்க நாலு தட்டோட்டுக்கு இடுக்குல சிமென்ட்டே இல்லை, ஆணி உள்ள போகுது. பாயிண்டிங் முடிஞ்சுது. சல்லடையிலயும் நார் இருந்தது. மேடையை மாடிப்படி அறைச் சுவரோரம் மாத்திட்டேன், கல்லை எடுத்துட்டு இரும்பு ஆங்கிள்ல பலகை. டிரம்முக்குப் பதில் சின்ன வாளிகள். கோகோபீட் இப்ப கீழதான். முந்தாநாள் நல்ல மழை, ஈரம் பரவலை. வீட்லயும் சமாதானம். எல்லாருக்கும் நன்றி.

முருங்கைக்கீரை
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆங்கிள் கால் நேரா தட்டோட்டுல குத்தாம அடியில பலகைத் துண்டு வச்சீங்களா? உயரம் எவ்வளவு வச்சீங்க?